மிரேயின் திராட்சைக் குலை

இருபத்து மூன்று தலைகளும் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. கண்ணை மூடச் சொல்லியிருந்தேன். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, செய்தவர் கையை மட்டும் தூக்கினால் போதும், டீச்சர் ஒருத்திதான் பார்ப்பேன், அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு பொருள் காணாமல் போனால் அன்றும் இன்றும் இதுதான் விசாரணை. நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலும் இப்படித்தான் கவிழ்ந்து கிடப்போம். விரலிடுக்கு வழியாக எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டும் இருப்போம். அதனால் நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய், திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்த இரண்டு மூன்று பேரைத் தலையில் செல்லமாகத் தட்டி மூட வைத்தேன். பிறகு கரும்பலகை அருகே திரும்பி வந்து, மூன்றாவது வரிசையில் இருந்த கிபுமைப் பார்த்தபடி நின்றேன். அவன்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

காணாமல் போயிருந்தவை திராட்சைகள். மார்ச்சில் புது வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய தாள் கொடுத்திருந்தேன். காம்பும் இலையும் வரைந்த ஒரு குலை, அதில் பள்ளி நாளுக்கு ஒன்றாக நூறு வெற்று வட்டங்கள், அடியில் ஒரு கோடு. கோட்டின் மேல் தன் இலக்கைத் தானே எழுத வேண்டும். இலக்கை நிறைவேற்றிய ஒவ்வொரு நாளும் ஒரு ஊதா ஸ்டிக்கர், அதாவது ஒரு திராட்சை. குலைகள் வகுப்பின் பின்சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசையாகத் தொங்கும். தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை தானாக அடுத்த அடி வைக்கும் என்பது என் இருபத்தாறு வருட நம்பிக்கை. பயிற்சி வகுப்புகளில் மற்ற ஆசிரியர்களுக்கு இதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். துணைத் தலைமையாசிரியர் எங்கள் சுவரைப் படம் பிடித்துப் போய் மற்றப் பிரிவுகளுக்குக் காட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மறைப்பானேன்.

கிபும் எழுதியது ‘தம்பியை அடிக்கமாட்டேன்’. ஜூன் பாதியாகியும் அவனுக்குப் பத்தொன்பது திராட்சைதான். சேயோங் என்ற பெண் ‘தினமும் இருபது பக்கம் படிப்பேன்’ என்று எழுதி, சொன்னபடி படித்தும் வந்தாள். எழுத ஒன்றும் கிடைக்காமல் பத்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள் மிரே மட்டும்தான். மக்கு இல்லை, கெட்டிக்காரியும் இல்லை. சுற்றுலாவில் தலை எண்ணும்போது ஒன்று குறைகிறதே என்று பதறினால், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாளே, அந்த மாதிரிப் பிள்ளை. அவளுடைய பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. எனக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். நானும் பன்னிரண்டு வருடம் முழுவருகைச் சான்றிதழ் வாங்கியவள். வெள்ளத்தில் பள்ளிக்கூடமே மூடிக் கிடந்த ஒருநாள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கேட்டைத் தொட்டுவிட்டு வந்தவள். மிரேயின் தோளைத் தட்டி, இதுதான் உன்னுடைய பலம், இதையே எழுது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஒரு நாள்கூடத் தவறமாட்டேன்’ என்று எழுதினாள். எழுதியது அவள் கைதான், வாசகம் என்னுடையது.

பிறகுதான் விமானம் வந்தது. பெற்றோர் பிள்ளையை வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கூட்டிப்போக முன்கூட்டியே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களும் வருகையாகவே கணக்கில் சேரும். பள்ளிக்கூடத்துக்கு வடக்கே புதிய அடுக்குமாடிகள் எழும்பியதிலிருந்து அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் மாதம் தவறாமல் வருகின்றன. ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளைகள் தங்கள் குலையில் ஓட்டை விழுந்துவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாவமாக இருந்தது. அந்த வட்டங்களில் ஒட்டிக்கொள்ள வெள்ளை விமான ஸ்டிக்கர் வாங்கி வந்து கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சேயோங் குலையில் ஒன்பது விமானம், கிபுமுக்கு ஆறு. அதுவரை ஒரு வட்டம் விடாமல் ஊதாவாக இருந்த குலை ஒன்றே ஒன்று, மிரேயுடையது. நேற்றுவரை அறுபத்தெட்டுத் திராட்சை. அதில்தான் யாரோ கைவைத்திருந்தார்கள். நடுவில் அடுத்தடுத்து ஐந்து, கீழே அடுத்தடுத்து ஆறு. பிய்த்த இடத்தில் தாள் வெளுத்திருந்தது. காலையில்தான் அதைப் பார்த்தேன். வீட்டில் வேறெந்தப் பெருமையும் இல்லாத பிள்ளையிடம் இருந்த ஒன்றையும் பிடுங்க எவனுக்கு மனசு வந்தது என்று கொதித்துக்கொண்டுதான் எல்லோரையும் கவிழ்ந்து படுக்கச் சொன்னேன்.

“செஞ்சவங்க கையத் தூக்குங்க.”

கிபுமின் கை அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அப்போது ஜன்னல் ஓரத்தில், கடைசிக்கு முந்திய மேசையில், ஒரு கை எழுந்தது. முழங்கையை மேசையிலேயே ஊன்றி, விரல்களை நேராக நிமிர்த்தி, விடை தெரிந்த பிள்ளை தூக்குவதைப் போல. மிரேயின் கை.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டாளோ, பறிகொடுத்தவர் கை தூக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாளோ என்றுதான் தோன்றியது. “செஞ்சவங்க மட்டும்” என்று மறுபடி சொன்னேன். அந்தக் கை இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. சாக்பீஸ் என் கையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது. அந்தச் சத்தத்தில் நாலைந்து தலைகள் அசைந்தன. சரி, கையை இறக்கலாம், எல்லோரும் நிமிரலாம் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். தவறை ஒப்புக்கொண்டாயிற்று, விஷயம் முடிந்தது என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு ஒன்றுபோலக் கிபுமைப் பார்த்தார்கள். நான் அதுவரை யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மதியச் சாப்பாட்டுத் தட்டோடு கிபும் என்னிடம் வந்தான். முட்டை ரோலைத் தொடவேயில்லை. நான் இல்லை டீச்சர் என்றான். தெரியும் என்றேன். அப்படியானால் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றான். சொல்ல என்னால் முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேனே. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படியும் கொஞ்ச நாள் சுமக்க வேண்டியதுதான்.

எல்லோரும் போன பிறகு மிரேயை என் மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன். திட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவள் பென்சில் பையைத் திறந்து உட்புறத் துணியைக் காட்டினாள். பதினோரு திராட்சையும் அங்கே ஒட்டியிருந்தன, பென்சில் சீவலும் நூல் பிசிறும் சேர்ந்து. எறிந்துவிட மனசு வரவில்லையாம்.

“ஏம்மா பிச்ச?”

“விமானம் கேட்டா நீங்க குடுக்கமாட்டீங்க. பிச்சுட்டா வராத நாள் மாதிரி இருக்கும்ல.”

ஏன் அடுத்தடுத்து ஐந்து என்று கேட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் பயணம் போனது போல இருக்கும் என்றாள். ஏப்ரலில் ஐந்து நாள் தாய்லாந்து. மே மாதம் ஆறு நாள் எங்கே என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஒன்பது வயதுப் பிள்ளை காலண்டரை வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு கழித்து, தான் இல்லாமல் இருக்க வேண்டிய நாட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஆனால் அந்த நாட்களில் நீ இங்கேதானே இருந்தாய், எல்லோரும் உன்னைப் பார்த்தார்களே என்றேன்.

“யாருக்கும் ஞாபகம் இருக்காது டீச்சர். நான் வந்தேனா வரலையான்னு யாரும் பாக்கமாட்டாங்க.”

குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். தரையில் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “முழுவருகைப் பிச்சைன்னு சொல்றாங்க.” யார் என்று கேட்டதற்கு எல்லோரும்தான் என்றாள். கிளம்பும்போது கதவருகில் நின்று, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த வார்த்தை எனக்குப் புரியவே இல்லை. முழுவருகை புரிகிறது, பிச்சை புரிகிறது. இரண்டும் எப்படி ஒட்டும்? பக்கத்து வகுப்பு பாங் டீச்சரிடம் போய்க் கேட்டேன். இருபத்தெட்டு வயதுப் பெண். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள்.

“டீச்சர், நெஜமாவே நீங்க கேள்விப்பட்டதில்லையா? லீவே போடாம தெனம் வர்ற பிள்ளைன்னா, வீட்ல வெளிநாடு கூட்டிட்டுப் போக வக்கில்லன்னு அர்த்தம். வருஷக்கணக்கா நடக்குது இது. பிள்ளைங்க வாயில வர்றது வீட்ல பேசறதுதானே.”

பன்னிரண்டு சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தாள் என் அம்மா. அது மானம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அதே சொல் எப்போது வசையாக மாறியது, எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை? இதைவிடப் பெரிய அடி அடுத்த நிமிடம் விழுந்தது. பிள்ளைகளுக்கு யார் லீவு போடுகிறார்கள், யார் போடவில்லை என்று எண்ணிப் பார்க்கப் பொழுது ஏது? நான்தான் எண்ணிக் கொடுத்தேன். ஊதாவும் வெள்ளையுமாகச் சுவரில் மாட்டி, இலக்கு என்று பெயர் வைத்து, அதன் அடியில் அவள் பெயரையும் எழுத வைத்தேன். விமானத்தை வாங்கி வந்தவளும் நான்தான்.

கழற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். இருபத்து மூன்று குலையும் வேண்டாம், துணைத் தலைமையாசிரியர் என்ன சொன்னாலும் சரி. மறுநாள் காலை மிரே வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று. அடுத்த புதன்கிழமை பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள். அவள் அம்மா சந்தையில் ஒரு ஊறுகாய், கிம்ச்சிக் கடையில் விடியற்காலையிலிருந்து வேலை செய்கிறவள். அப்பா பார்சல் வண்டி ஓட்டுகிறவர். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த அம்மாவால் வர முடிந்ததில்லை. இந்த முறை கடைக்காரரிடம் கெஞ்சிப் பாதி நாள் லீவு வாங்கியிருக்கிறாள்.

“குலையைப் பாக்கத்தான் டீச்சர் வர்றாங்க. போன்ல படம் காட்டினேன். கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டியிருக்காங்க.”

“பதினொண்ணு இல்லாம இருக்கே, என்ன பண்றது?” என்று கேட்டேன்.

“ஒட்டினா இங்க பிள்ளைங்க சிரிப்பாங்க. ஒட்டலன்னா, பள்ளிக்கூடத்துக்குன்னு கெளம்பி நான் எங்க போனேன்னு அம்மா கேப்பாங்க.”

புது ஸ்டிக்கர் தருகிறேன் என்றேன். என் மேசையில் பதினோரு புதுத் திராட்சையை எண்ணி வைத்தேன். அந்த வாரம் முழுக்க அவை வைத்த இடத்திலேயே இருந்தன. நானும் வற்புறுத்தவில்லை, குலைகளையும் கழற்றவில்லை. வகுப்பில் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசவா என்றால், பேசினால் அது யாரைப் பற்றி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேசாமல் இருந்தாலும் தெரியும். இப்படியே புதன்கிழமை வந்துவிட்டது.

எட்டு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது மிரே தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சுவரில் அவள் குலையில் பிய்த்த இடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. என் மேசையில் பதினோரு புதுத் திராட்சைகள் அப்படியே இருந்தன. பென்சில் பைக்குள் இருந்த பழையவற்றையே எடுத்து ஒட்டியிருக்கிறாள், கொஞ்சம் கோணலாக. அந்தந்த நாளுக்கு அன்று வாங்கியதையே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். சேயோங் வந்தாள், குலையைப் பார்த்தாள், பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். மிரே பக்கத்தைத் திருப்பினாள்.

மழைக்காலம் தொடங்கும் நேரம், காற்றெல்லாம் ஈரம். மூன்றாவது பாட வேளைக்குத் தாய்மார்கள் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூடச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்சுவரோரம் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள் மிரேயின் அம்மா. இஸ்திரி மடிப்புக் கலையாத இளநீலச் சட்டை. பூண்டு வாசனை போக நன்றாகத் தேய்த்துக் கழுவியதில் விரல்கள் சிவந்திருந்தன. எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் குலையிடம் போனாள். பக்கத்தில் நின்ற சேயோங் அம்மாவிடம் சந்தோஷம் தாங்காமல் சொன்னாள்.

“பாருங்க, எங்க மிரே ஒண்ணுகூட விடல. பனி கொட்டின அன்னைக்குக்கூட வந்துட்டா.”

ஆமாம், சமர்த்து என்று சேயோங் அம்மா சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். இன்னும் இரண்டு தாய்மார்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போது மணி அடித்தது. ஒரு வட்டத்தை நான்காகப் பிரிக்கிற பின்னப் பாடத்தைத் தொடங்கினேன். வாய் பாடத்தைச் சொல்லிக்கொண்டே போயிற்று. கண் பின்சுவரை விட்டு நகரவில்லை.

முதல் திராட்சை விழுந்ததைப் பார்த்தேன். மிரேயின் அம்மா குனிந்து எடுத்து, அதன் இடத்தில் வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் மறுபடி விழுந்தது. இன்னொன்று ஓரம் சுருண்டு தொங்கியது. மூன்றாவதும் உதிர்ந்தது. “ஒட்டமாட்டேங்குதே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். பசைப் பக்கம். நூல் பிசிறு, பென்சில் சீவல். நகத்தால் அதைச் சுரண்டிய விரல் நின்றது. குலையில் வெளுத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் குலையைப் பார்த்தாள், அதற்கடுத்ததை, அதற்கடுத்ததை. சுவர் முழுக்க வெள்ளை விமானங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகளின் முகங்கள். ஒன்று விடாமல் படித்தாள். அவள் நிறம் மாறுவது கரும்பலகை அருகிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் நடந்துபோய் ஏதாவது செய்திருக்க வேண்டும். கையில் காகித வட்டத்தோடு நின்றேன்.

இன்னொரு திராட்சை அசைந்தது. அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் குலையின்மேல் பதித்து, சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் கைதூக்குவதைப் படம் பிடித்தார்கள். அவளிடமும் போன் இருந்தது. அதை எடுக்கக் கை இல்லை. மீதிப் பாட வேளை முழுக்க அப்படியே நின்றாள். தோள் வலித்திருக்கும்.

மணி அடித்ததும் பிள்ளைகள் அம்மாக்களைத் தேடிப் பின்பக்கம் ஓடினார்கள். மிரே புத்தகத்தை மூடி, பென்சிலைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, கடைசியாகத்தான் திரும்பினாள். அம்மா அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். கைகளை மட்டும் எடுக்கவில்லை.